குறுக்கெழுத்து: "கால் ஒடிந்த பாடம்" போன்ற குறிப்புகளை எப்படிப் பிடிப்பது?

கத்தரிக்கோல் (பாலக்கோடு) | ஞாயிறு, காலை 10:20

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அரை நாள்தான் கடை. அந்த அரை நாளில் துணி வெட்டும் மேசையில் பேப்பரை விரித்து வைத்துக் குறுக்கெழுத்துப் போடுவது இருபது வருடப் பழக்கம். கட்டம் சின்னதாக இருந்தால் துணியில் குறி போடும் சாக்கட்டியால் மேசை மேலேயே பெரிதாக வரைந்துகொள்வேன். சட்டை வாங்க வருகிறவர்களும் நின்று ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

நேரான குறிப்பு என்றால் எனக்குப் பிரச்சினை இல்லை. "அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவர்" என்றால் ஔவையார், முடிந்தது. இப்போது கிருஷ்ணகிரி நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் வாராவாரம் ஒரு புதிர் அனுப்புகிறார். அதில் குறிப்புகள் எல்லாம் வேறு மாதிரி. நேற்று இரவு முழுக்க மண்டையைக் குடைந்தது இது:

கால் ஒடிந்த பாடம் சுவரில் தொங்கும் (3)

அடைப்பில் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. கடைசி எழுத்து "ம்" என்று இன்னொரு சொல்லிலிருந்து கிடைத்துவிட்டது. அதற்கு மேல் நகரவில்லை. விடையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்த வகையை எங்கே பிடித்துத் தொடங்குவது என்று சொல்லுங்கள்.

இரவு ஷிப்ட் (ராயக்கோட்டை) | ஞாயிறு, காலை 10:41

அண்ணா, இதை ஒரு வாக்கியமாகப் படிக்காதீர்கள். படித்தால் கட்டுப்போட்ட ஆளும் பள்ளிக்கூடமும்தான் கண்ணில் வரும். போட்டவர் விரும்புவதும் அதைத்தான். குறிப்பின் ஒரு முனையில் விடையின் பொருள் இருக்கும், ஆரம்பத்திலோ முடிவிலோ. மீதி எல்லாம் அந்தச் சொல்லை உருவாக்கும் வழி. இதில் பொருள் "சுவரில் தொங்கும்". அப்படியானால் "பாடம்" என்ற சொல்லை எடுத்து அதன் காலை ஒடிக்க வேண்டும். பாடத்துக்கு ஏது கால்? எழுதிப் பாருங்கள், தெரியும்.

கத்தரிக்கோல் (பாலக்கோடு) | ஞாயிறு, காலை 10:48

படம்!

மேசையில் சாக்கட்டியால் "பாடம்" என்று எழுதினேன். துணைக்காலைக் கையால் அழித்தேன். படம் நிற்கிறது. கடைக்கு வந்த பையன் "அண்ணே, சட்டை ரெடியா?" என்று கேட்டது எனக்குக் காதில் விழவே இல்லை.

அரூர் டீச்சர் | ஞாயிறு, காலை 11:30

இந்த இழையைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. முப்பது வருடம் தமிழ் வகுப்பில் கால், கொம்பு, சுழி, புள்ளி என்று சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த வார்த்தைகளே புதிராகும் என்று யோசித்ததில்லை. உங்கள் குறிப்பைப் பார்த்த கையோடு நானும் இரண்டு செய்தேன்:

ஆடு அடைக்குமிடத்துக்கு ஒற்றைக் கொம்பு முளைத்தால் துணி வைக்கலாம் (3)

நோவுக்கு இரட்டைக் கொம்பு முளைத்தால் தோட்டம் காக்கும் (2)

முதலாவது பட்டி, பெட்டி. இரண்டாவது வலி, வேலி. ஆட்டுக்குக் கொம்பு முளைக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். முளைப்பது "ப" என்ற எழுத்துக்கு.

ஒரு விஷயம் சேர்க்கிறேன். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் ணா, றா, னா மூன்றுக்கும் தனியாகப் பிரித்து எழுதும் துணைக்கால் கிடையாது. வளைத்துச் சேர்த்து ஒரே உருவாக எழுதுவோம். என் அம்மா கடைசி வரைக்கும் அப்படித்தான் எழுதினார். ஆகவே அந்த எழுத்துகளில் "கால் ஒடிந்த" என்று அன்றைக்கு யாரும் குறிப்பு போட்டிருக்க முடியாது. ஒடிப்பதற்குக் காலே இல்லை.

மாங்காய் மண்டி (கிருஷ்ணகிரி) | ஞாயிறு, மதியம் 12:15

எனக்கு இதில் உடன்பாடு இல்லை, சொல்லிவிடுகிறேன். குறுக்கெழுத்து என்றால் பொது அறிவு. ஊர், ஆறு, புலவர், பழமொழி தெரிந்தவன் போடுவான். எழுத்தின் காலை ஒடிப்பது, கொம்பு முளைப்பது எல்லாம் ஆளை ஏமாற்றுகிற வேலை மாதிரி படுகிறது. குறிப்பு நேராக இருக்க வேண்டும். நேராக இருந்தால்தான் விடை ஒன்றாக இருக்கும், சண்டை வராது.

கட்டம் கட்டுபவர் (கிருஷ்ணகிரி) | ஞாயிறு, மதியம் 1:05

பாலக்கோட்டு அண்ணனுக்கு அந்தப் புதிரை அனுப்பியவன் நான்தான். மண்டிக்காரர் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நேரான குறிப்பில் விடைக்குப் போக ஒரே வழிதான். "மரப்பலகை" என்று பொருள் கொடுத்தால் உங்களுக்குத் தோன்றும் சொல்லை எழுதுவீர்கள். அது சரியா என்று குறிப்பைக் கேட்டால் குறிப்பு பதில் சொல்லாது. குறுக்கே வரும் சொல்தான் சொல்ல வேண்டும். சொல் விளையாட்டுக் குறிப்பில் வழி இரண்டு. பொருள் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டினால் அதுதான் விடை. பேனாவிலேயே எழுதலாம், அழிக்க வேண்டியிருக்காது.

எளிதானதில் தொடங்குவோம்:

ஒன்றுக்கு மேற்பட்ட கரம், ஆசாரி இழைப்பது (3)

ஒன்றுக்கு மேற்பட்ட என்றால் பல. கரம் என்றால் கை. பலகை. ஆசாரி இழைப்பதும் பலகை. இதில் எங்கே ஏமாற்று இருக்கிறது? ஒவ்வொரு சொல்லும் வேலை செய்கிறது, சும்மா நிற்கும் சொல் ஒன்றுகூட இல்லை. அதுதான் நான் எனக்கு வைத்திருக்கும் கட்டுப்பாடு. அழகுக்காக ஒரு சொல்லைச் சொருகினால், தீர்ப்பவர் அதற்கும் ஒரு வேலை தேடி நேரத்தை விடுவார். அது அநியாயம்.

இன்னொன்று, நம்ம பக்கத்துக்கே உரியது:

சோலை, பரப்பு: ஒகேனக்கல்லில் குதிப்பாள் (3)

ஊத்தங்கரைப் பெண் | ஞாயிறு, மதியம் 1:22

கா என்றால் சோலை. பரப்பு என்றால் விரி. காவிரி! "பரப்பு" என்பதைப் பரப்பளவு என்று நினைத்துக்கொண்டு பத்து நிமிடம் போய்விட்டது சார். அது ஏவல் வினை என்று தெரிந்த உடனே திறந்துகொண்டது.

நான் கல்லூரி இரண்டாம் வருடம். பாட்டி கேட்கும் விடுகதை ஞாபகம் வருகிறது. மூன்றெழுத்து, முதலெழுத்தை எடுத்தால் இது, நடு எழுத்தை எடுத்தால் அது என்று கேட்பார்கள். அதுவும் இந்த வகைதானே?

கட்டம் கட்டுபவர் (கிருஷ்ணகிரி) | ஞாயிறு, மதியம் 1:30

அதேதான் தங்கச்சி. பாட்டி குறிப்பு போடுபவர், நீ தீர்ப்பவர். கட்டம்தான் இல்லை.

அரூர் டீச்சர் | ஞாயிறு, மதியம் 2:10

பாட்டிக்கும் முன்னால் இருந்தே வருகிறது அம்மா. தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூலில் சொல்லணி பற்றிப் பேசும் பகுதியில் மிறைக்கவி என்று ஒரு வரிசை இருக்கிறது. அதில் வினாவுத்தரம் என்பது கேள்விகள் கேட்டு, கிடைக்கும் பதில்களைச் சேர்த்தால் இன்னொரு சொல் வருவது. இப்போது நீ கா, விரி என்று சேர்த்தாயே, அது வினாவுத்தரம். எழுத்தை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனால் அக்கரச்சுதகம். கூட்டிக்கொண்டே போனால் எழுத்து வருத்தனம். திருப்பிப் படித்தாலும் அப்படியே வருவது மாலைமாற்று. ஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுக்க அப்படிப் பாடியிருக்கிறார். இரண்டு பொருள் படுவதற்குச் சிலேடை. பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடிய காளமேகம் இன்றைக்கு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கட்டம் போட்டுக் கொடுத்திருப்பார் என்றே நம்புகிறேன்.

வெளியிலிருந்து வந்தது கட்டம் மட்டும். உள்ளே இருக்கும் விளையாட்டு நம்மிடம் ஏற்கெனவே இருந்தது.

இரவு ஷிப்ட் (ராயக்கோட்டை) | ஞாயிறு, மதியம் 2:35

கட்டம் வந்த கதையை நான் சொல்கிறேன். 1913 டிசம்பர் 21, நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் போட்டது முதல் குறுக்கெழுத்து. வைர வடிவக் கட்டம், குறிப்புகள் எல்லாம் நேரானவை. அதைச் சொல் விளையாட்டாக்கியது இங்கிலாந்துக்காரர்கள், 1920களில்.

ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும்போது ஆங்கிலப் பேப்பரில் வரும் அந்தச் சொல் விளையாட்டுப் புதிரைத்தான், கிரிப்டிக் என்பார்கள், போடுவேன். என்னை அதில் இழுத்துப்போட்டது ஒரு பழைய புகழ்பெற்ற குறிப்பு. எச், ஐ, ஜே, கே, எல், எம், என், ஓ என்று வரிசையாக எட்டு எழுத்து, விடை ஐந்து எழுத்து. வேறு ஒன்றுமே கிடையாது. எச்சிலிருந்து ஓ வரைக்கும், அதாவது "எச் டூ ஓ". தண்ணீருக்கான ஆங்கிலச் சொல் விடை. அன்றைக்கு பஸ் சூளகிரி தாண்டியதே எனக்குத் தெரியாது.

ஆனால் ஒரு குறை. ஆங்கிலத்தில் சொல்லைக் கலைத்துப் போடும் குறிப்புகள் எக்கச்சக்கம். தமிழில் அது ஏன் குறைவாக வருகிறது?

கட்டம் கட்டுபவர் (கிருஷ்ணகிரி) | ஞாயிறு, மாலை 4:00

எழுத்துக் கணக்குதான் காரணம். அங்கே 26 எழுத்து. நமக்கு 247. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, உயிர்மெய்யும் ஒரே கட்டம், ஒற்றும் தனிக்கட்டம். "கோ" இருக்கும் சொல்லைக் கலைத்தால் இன்னொரு சொல்லிலும் அதே "கோ" வேண்டும். "கொ" உதவாது, "கா" உதவாது. ஆகவே ஒரே எழுத்துகளில் இரண்டு சொல் அமைவது அபூர்வம். அமைந்தால் விடவே மாட்டேன்:

கலவரத்தில் நகரம், பாவிகள் போகுமிடம் (4)

ந, க, ர, ம். கலைத்தால் நரகம். இது கிடைத்த அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

திருப்பிப் போடுவதும் கஷ்டம். நம் சொற்களில் பாதிக்கு மேல் மெய்யெழுத்தில் முடிகிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. மெய்யில் எந்தச் சொல்லும் தொடங்காது. "மரம்" திரும்பினால் "ம்ரம". குப்பை. உயிர்மெய்யில் முடியும் குட்டிச் சொற்களாகப் பார்த்துத்தான் தேட வேண்டும்:

சிறையில் இருப்பவன் திரும்பினால் அசந்து நில் (2)

கைதி திரும்பினால் திகை.

கலைப்பதிலும் திருப்புவதிலும் தமிழ் கொஞ்சம் கஞ்சம். பிரிப்பதிலும் சேர்ப்பதிலும் அள்ளிக் கொடுக்கும். ஒரே ஓர் "ஐ" உருபை வைத்துக்கொண்டு எத்தனை செய்யலாம் பாருங்கள். "முருகனின் ஆயுதத்தை எடுத்தால் கடலும் வரும், உத்தியோகமும் வரும் (2)". வேல், வேலை. கடலுக்கும் வேலை என்று பெயர். ஒரு சொல்லுக்கு மூன்று வாசல்.

கத்தரிக்கோல் (பாலக்கோடு) | ஞாயிறு, மாலை 5:15

கடையை அடைத்துவிட்டு வந்து எல்லாவற்றையும் படித்தேன். மண்டிக்காரர் சொன்னார் இல்லையா, நேரான குறிப்பு என்றால் சண்டை வராது என்று. எனக்கு வந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகையின் பரிசுப் போட்டி. பெயர் வேண்டாம். குறிப்பு: "தகடூரின் இன்றைய பெயர்". ஐந்து கட்டம். நான் எழுதியது தருமபுரி. த, ரு, ம, பு, ரி. கூப்பனைக் கத்தரித்து, தபால் அட்டையில் ஒட்டி, நேரில் போய்ப் பெட்டியில் போட்டேன். மற்ற எல்லா விடையும் சரி. அடுத்த வாரம் வந்த விடை தர்மபுரி. த, ர், ம, பு, ரி. அதுவும் ஐந்து கட்டம்தான். இரண்டாவது கட்டத்துக்குக் குறுக்கே எந்தச் சொல்லும் போகவில்லை. "ரு"வா "ர்"ஆ என்று எதை வைத்து முடிவு செய்வேன்?

தொகை சின்னதுதான். என் ஊர்ப் பெயரையே நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று அச்சில் வந்தது போல இருந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

மாங்காய் மண்டி (கிருஷ்ணகிரி) | ஞாயிறு, மாலை 5:40

இது அநியாயம். அரசாங்கப் பலகையில் தருமபுரி என்றுதான் இருக்கிறது. 2004 வரைக்கும் நாங்களும் உங்கள் மாவட்டம்தான், என் பழைய சான்றிதழ்களில் எல்லாம் தருமபுரிதான். பத்திரிகைகள் தர்மபுரி என்றும் எழுதுகின்றன. இரண்டும் புழக்கத்தில் இருக்கும்போது இரண்டையும் சரி என்று ஏற்றிருக்க வேண்டும்.

அரூர் டீச்சர் | ஞாயிறு, மாலை 6:20

தம்பி, இலக்கணம் உங்கள் பக்கம். தொல்காப்பியத்தில் "ரகார ழகாரம் குற்றொற்று ஆகா" என்று ஒரு நூற்பா இருக்கிறது. தனிக்குறிலை அடுத்து ர், ழ் இரண்டும் ஒற்றாக வராது. நேர்மை என்று நெடிலுக்குப் பின் வரும். வாழ்வு என்று வரும். "த" குறில், அதற்குப் பின் "ர்" என்றால் அது வடசொல் அப்படியே வந்தது. தமிழ் ஒலிப்புக்கு வந்தால் தருமம். ஆகவே தருமபுரி.

இந்த விதி தீர்ப்பவர்களுக்கு ஒரு கருவியும்கூட. இதோடு இன்னும் சில உண்டு, நன்னூலில் மெய்ம்மயக்கம், அதாவது எந்த மெய்க்குப் பின் எந்த எழுத்து வரும் என்பதைப் படித்தவர்களுக்கு ஞாபகம் வரும். பரீட்சைக்குப் படித்ததோடு விட்டதை இப்போது எடுத்துக் கட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டும்தான் சேரும். ஒரு கட்டத்தில் "த்" விழுந்தால் அடுத்த கட்டம் த வரிசைதான், வேறு யோசிக்கவே வேண்டாம். "ட்" அல்லது "ற்" என்றால் அவசரப்படாதீர்கள். நட்பு, கற்க என்று வேறு எழுத்தும் பின்னால் வரும். "ர்", "ழ்" தன்னோடு தான் சேரவே சேராது. "ங்" வந்தால் அடுத்தது க வரிசை. நான்கு கட்டம், இரண்டாவது "ங்", நாலாவது "ம்" என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை பெயர்ச்சொல் என்றால் மூன்றாவது "க" என்று தைரியமாகப் போடலாம். பிறகு சங்கமா, தங்கமா, சிங்கமா என்பது மட்டும்தான் மிச்சம். அப்புறம், சொல் முடியும் கட்டத்தில் க், ச், ட், த், ப், ற் வராது. பஸ், பேங்க் போன்ற இரவல் சொற்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

ஊத்தங்கரைப் பெண் | ஞாயிறு, மாலை 6:45

டீச்சர், இதை யாராவது பத்தாம் வகுப்பில் இப்படிச் சொல்லியிருந்தால் நன்னூல் சூத்திரங்களை ஆசையோடு படித்திருப்பேன். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கட்டம் கட்டுபவர் (கிருஷ்ணகிரி) | ஞாயிறு, இரவு 8:10

பாலக்கோட்டு அண்ணனுக்கு நடந்ததைப் படித்துவிட்டு மாலையெல்லாம் அதிலேயே இருந்தேன். தப்பு கட்டம் போட்டவருடையது. எழுத்து மாறக்கூடிய சொல்லை வைத்தால், மாறும் அந்தக் கட்டத்தின் வழியாக இன்னொரு சொல் போக வேண்டும். நடுவில் "ரு" வரும் எருமையோ குருவியோ மேலிருந்து கீழே இறங்கியிருந்தால் விஷயம் தீர்ந்தது.

போடுகிறவர்கள் கஷ்டமும் தெரிந்தவன் நான். ஒற்று இருக்கும் கட்டத்தில் குறுக்கே போகும் சொல்லுக்கும் அதே இடத்தில் அதே ஒற்று இருந்தாக வேண்டும். ஒற்றில் புதுச் சொல்லைத் தொடங்கவும் முடியாது. அதனால்தான் நம் பத்திரிகைகளில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் போதாமல் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று நாலு திசையும் வருகிறது. சிலர் "கலைந்துள்ளது" என்று அடைப்புக்குள் போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். எப்படிக் கலைந்தது என்று குறிப்பு சொல்லாது. அது எனக்குப் பிடிப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குறுக்குச் சொல் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். குறிப்பே அந்த எழுத்தைக் காப்பாற்ற முடியும். முதலில் இப்படி எழுதினேன்:

கடைசி விட்ட அறம், செய்: அதியமான் ஊர் (5)

தருமம் என்பதில் கடைசி "ம்" போனால் தரும. செய் என்றால் புரி. அழகாக இருக்கிறது, தருமம் புரி என்றே ஊர் சொல்கிறது. ஆனால் தர்மம் என்று எடுத்தாலும் இதே குறிப்பு ஒத்துக்கொள்ளும். அண்ணன் பிரச்சினை அப்படியே நிற்கிறது. கிழித்துப் போட்டேன். அப்புறம் கிடைத்தது:

மரம், மலையின் தொடக்கம், செய்: அதியமான் ஊர் (5)

மரத்துக்குத் தரு என்று ஒரு பெயர். மலையின் தொடக்கம் "ம". செய் என்றால் புரி. தரு, ம, புரி. இரண்டாவது கட்டம் "ரு". வேறு எதுவும் அங்கே உட்கார முடியாது.

மண்டிக்காரரே, நான் சொன்ன இரண்டு வழி இதுதான். பொருள் மட்டும் இருந்தால் தருமபுரியும் தர்மபுரியும் ஒன்று. எழுத்து வழியும் இருந்தால் எது என்று குறிப்பே சாட்சி சொல்லும்.

கத்தரிக்கோல் (பாலக்கோடு) | ஞாயிறு, இரவு 8:25

நன்றி சார். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இந்தக் குறிப்பை ஒரு அட்டையில் எழுதிக் கடையில் மெஷினுக்கு மேலே ஒட்டப் போகிறேன்.

மாங்காய் மண்டி (கிருஷ்ணகிரி) | ஞாயிறு, இரவு 9:00

ஒத்துக்கொள்கிறேன். எழுத்து விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். எடையைத் தராசும் சொல்ல வேண்டும், சீட்டும் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் மண்டியில் யாருக்கும் குறை இருக்காது.

ஆனால் பொருள் சரியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். போன வாரம் உங்கள் புதிரை என் மருமகன் காட்டினான். "கொடு, மான்: குளத்தில் மலரும் (3)". விடை தாமரை என்றான். மரை ஒரு வகை மான், சரி. கொடு என்பதும் தா என்பதும் ஒன்றா? எனக்குத் தா என்போம், அவனுக்குக் கொடு என்போம். அவனுக்குத் தா என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டோம்.

அரூர் டீச்சர் | ஞாயிறு, இரவு 9:20

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே தொல்காப்பியம். தருதல் தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடுத்தல் படர்க்கைக்கும் என்று அங்கே பிரித்திருக்கிறது. ஈ, தா, கொடு மூன்றுக்கும் இன்னொரு வேறுபாடும் சொல்லியிருக்கிறது. தாழ்ந்தவர் கேட்பது ஈ, சமமானவர் கேட்பது தா, உயர்ந்தவர் கேட்பது கொடு. இன்றைக்கு இந்த உயர்வு தாழ்வுப் பேச்சு நமக்கு வேண்டாம். ஆனால் எனக்கு, அவனுக்கு என்ற வேறுபாடு பேச்சில் உயிரோடு இருக்கிறது என்பதை மண்டியில் உட்கார்ந்தே பிடித்துவிட்டீர்கள்.

கட்டம் கட்டுபவர் (கிருஷ்ணகிரி) | ஞாயிறு, இரவு 9:45

அகராதி ஒன்றுக்கு ஒன்றைப் பொருளாகக் கொடுக்கிறது. அதை நம்பிப் போட்டேன். ஆனால் காதுக்கு ஒட்டவில்லை என்று ஒருவர் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. "எனக்குக் கொடு, மான்: குளத்தில் மலரும்" என்று மாற்றுகிறேன்.

மாங்காய் மண்டி (கிருஷ்ணகிரி) | ஞாயிறு, இரவு 9:52

இப்போது சரி.

ஊத்தங்கரைப் பெண் | திங்கள், காலை 7:30

நானும் ஒன்று செய்தேன். ராத்திரி தூங்கவே இல்லை. தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

தகரத்தை மலைமுகப்பில் கலக்கினால் பச்சைக்கல் (5)

இரவு ஷிப்ட் (ராயக்கோட்டை) | திங்கள், காலை 8:05

ஷிப்ட் முடிந்து வரும் பஸ்ஸில் பார்த்தேன். மலைமுகப்பு "ம". தகரம் த, க, ர, ம். ஐந்தையும் கலக்கினால் ம, ர, க, த, ம். மரகதம்! தகரத்திலிருந்து மரகதம் எடுத்திருக்கிறாய் தங்கச்சி, பிரமாதம்.

கட்டம் கட்டுபவர் (கிருஷ்ணகிரி) | திங்கள், காலை 9:10

கண்டுபிடிப்பு அருமை. ஒரே ஒரு திருத்தம். கலைக்க வேண்டிய சொல் குறிப்பில் முழுசாக, எழுத்து மாறாமல் நிற்க வேண்டும். "தகரத்தை" என்று எழுதிய உடனே "ம்" போய்விட்டது, "த்" வந்துவிட்டது. ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை கிடையாது, சொல் அப்படியே இருக்கும், உருபு தனியாக நிற்கும். நமக்கு வேற்றுமை உருபு ஏறினால் சொல்லின் உடம்பே மாறும். அதனால் கலைக்கும் சொல்லை எழுவாயாக வைப்பதுதான் நல்லது. இப்படி வைத்துப் பார்:

மலைமுகப்பில் தகரம் நொறுங்கிப் பச்சைக்கல் (5)

அரூர் டீச்சர் | திங்கள், காலை 9:40

அது சொல்லுக்கும் உருபுக்கும் நடுவில் வரும் அத்துச் சாரியை செய்யும் வேலை. இன்னொன்றையும் கவனி அம்மா. தகரம் என்றால் "த" என்ற எழுத்துக்கும் பெயர். மகரம், நகரம், சிகரம் எல்லாமே அப்படித்தான். உன் குறிப்பைப் பார்த்ததும் நான் முதலில் "த" என்றே எடுத்துக்கொண்டு சுற்றினேன். அது குறையில்லை, நல்ல மறைப்பு. அதை வைத்தே உனக்கு ஒன்று:

சிகரத்தை அடுத்துக் கரம், தலையில் வளர்வது (2)

ஊத்தங்கரைப் பெண் | திங்கள், காலை 9:44

சி, கை. சிகை!

கத்தரிக்கோல் (பாலக்கோடு) | திங்கள், மதியம் 1:30

சாப்பாட்டு நேரம். மெஷினை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். இந்த வாரப் புதிரில் "தேவி ரதம் தன்னுள் வைத்த நோன்பு (4)" என்று ஒன்று இருந்தது. யாரையும் கேட்காமல் நானே போட்டுவிட்டேன். தேவி ரதம் என்று இடைவெளி விடாமல் மேசையில் எழுதினேன். தே-வி-ர-த-ம். முதல் எழுத்தைத் துணியால் மூடினேன். விரதம்.

எங்கள் அம்மா தைப்பூசத்துக்கு விரதம் இருந்து குமாரசாமிப்பேட்டை தேருக்குப் போவார். பெண்கள் மட்டும் வடம் பிடிக்கிற தேர் அது. வருடா வருடம் போனவர். தேவி ரதத்துக்குள் விரதம் இருப்பதை நேற்று மாலை அம்மாவிடம் எழுதிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார். "இத்தனை நாளா இது உள்ளேயா இருந்தது?" என்று கேட்டார்.

நானும் ஒன்று செய்திருக்கிறேன். முதல் முயற்சி. டீச்சரும் சாரும் பார்த்துச் சொல்லுங்கள்:

சமுத்திரத்தை வறுத்துக் கொறிக்கலாம் (3)

கட்டம் கட்டுபவர் (கிருஷ்ணகிரி) | திங்கள், மதியம் 1:41

அண்ணா, இதில் திருத்த ஒன்றுமில்லை. அடுத்த வாரப் புதிரில் முதல் குறிப்பாகப் போடுகிறேன். பாலக்கோட்டிலிருந்து வந்தது என்றும் போடட்டுமா?

மாங்காய் மண்டி (கிருஷ்ணகிரி) | திங்கள், மதியம் 1:58

எனக்குக் கிடைத்துவிட்டது. ராத்திரி வரைக்கும் யாரும் விடையை எழுதாதீர்கள். மருமகன் வேலை விட்டு வரட்டும், அவனிடம் கேட்க வேண்டும்.